குளிர்ல டர்போ ஆயில் கக்குது, டர்போவ மாத்தணுமா இல்ல கோளாறு வேற எங்கயாவதா?

லாங்ரூட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 6 சிலிண்டர் டீசல், டர்போ இன்டர்கூலர், ட்ரெய்லர் இழுக்குற வண்டி, ஓட்டம் 6 லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு, இஞ்சின் இதுவரைக்கும் பிரிச்சதில்ல. வெயில் காலம் பூரா ஆயில் குடிக்காம ஒழுங்கா ஓடிட்டிருந்துச்சு, ராத்திரி குளிர் மைனஸ் 20, மைனஸ் 25ன்னு இறங்க ஆரம்பிச்சதுல இருந்து ஆட்டம் காட்டுது. காலைல ஐடிலிங்ல விட்டா கொஞ்ச நேரத்துல சைலன்சர்ல நீலப்புகை, டர்போல இருந்து காத்த குளுத்துற இன்டர்கூலருக்கு போற ஹோஸ் ஜாயின்ட் பூரா நனைஞ்சு சொட்டுது, அதுக்கு நேர் கீழ சேஸிஸ் எல்லாம் கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு. லோடோட ரோட்டுல இறங்கி இஞ்சின் சூடாயிட்டா புகை கொறஞ்சிருது. பிக்கப் பெருசா கொறையல, புது விசில் சத்தமும் இல்ல.

ஊத்துறது 15டபிள்யூ-40. ராத்திரி கேபின் சூட்டுக்காக பெரும்பாலும் இஞ்சின ஓடவிட்டே தூங்குறேன். ஒர்க்‌ஷாப்ல காட்டினா ஹோஸ கழட்டி உள்ள விரல விட்டு தடவிப் பாத்துட்டு "சீல் போச்சு, புது டர்போ போடுங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. சீல் போயிருந்தா சூடான பிறகும் அதே அளவு கக்கணுமே, ஏன் குளிர்ல மட்டும்? ஆயில் கிரேட் மாத்துனா சரியாகுமா? இப்படியே ஓட்டுனா எவ்ளோ ரிஸ்க்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பிரீதர்பாண்டி:

தம்பி, நீங்க கேட்ட அந்த "ஏன் குளிர்ல மட்டும்"ங்கறது தான் சரியான கேள்வி, ஒர்க்‌ஷாப்ல அத கேக்காம விட்டுட்டாங்க. டர்போக்குள்ள இருக்குற சீல் நாம வீல் ஹப்ல போடுற ரப்பர் சீல் மாதிரி கெடையாது. ஷாஃப்ட்ல ரெண்டு பக்கமும் காடில உக்காந்திருக்குற சின்ன இரும்பு ரிங், பிஸ்டன் ரிங் டைப். லட்சம் ஆர்பிஎம் வரைக்கும் சுத்துற ஷாஃப்ட்ல ரப்பர் ஒரு நிமிஷம் தாங்காது. அந்த ரிங் ஆயில முழுசா அடைச்சு நிறுத்தாது, லோடு ஏறும்போது ஒரு பக்கம் டர்போ அழுத்தி இஞ்சினுக்கு அனுப்புற பூஸ்ட் காத்தும் இன்னொரு பக்கம் எக்ஸாஸ்ட் பிரஷரும் வெளிய இருந்து உள்பக்கமா தள்ளுது பாருங்க, அந்த தள்ளுதல் தான் ஆயில உள்ளயே நிக்க வைக்குது. ஐடிலிங்ல பூஸ்ட் கிட்டத்தட்ட இல்ல, அந்த நேரத்துல ஆயிலுக்கு வெளிய போக வழி கெடச்சிருது.

அதனால டர்போல ஆயில் வந்தா மொதல்ல நான் பாக்குறது அத உள்ள இருந்து எது தள்ளுது, வெளிய இருந்து எது உறியுதுன்னு தான். தள்ளுறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, டர்போக்கு அடில இருந்து சம்ப்புக்கு, அதாவது இஞ்சின் அடில ஆயில் நிக்குற தொட்டிக்கு, இறங்குற ரிட்டர்ன் பைப். பேரிங்க விட்டு வந்த ஆயில் பிரஷர்ல போறதில்ல, தானா கீழ விழுது, அதனால தான் அந்த பைப் மேல வர்ற பைப்ப விட அவ்ளோ தடிமனா இருக்கும். அது கரி புடிச்சு சுருங்கியிருந்தாலோ, யாராவது நெளிச்சு வச்சிருந்தாலோ, நேர் கீழ இறங்காம 35 டிகிரிக்கு மேல சாஞ்சு போனாலோ, வாஷ்பேசின்ல கீழ அடைச்சா தண்ணி மேல வழியுதே அதே கதை தான், ஆயில் டர்போக்குள்ளயே தேங்கி ரெண்டு பக்கமும் வழியும். டிப் ஸ்டிக்ல மேக்ஸிமம் தாண்டி ஊத்தி வச்சிருந்தாலும் இது வரும்.

இன்னொண்ணு கிராங்க்கேஸ் பிரஷர், அதாவது பிஸ்டனுக்கு கீழ இஞ்சின் உள்ள சேர்ற அழுத்தம். உங்க கேஸ்ல எனக்கு சந்தேகமே இது மேல தான். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உண்டாகுது, அதுல கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியா கீழ கசிஞ்சு, இஞ்சின் மூச்சு விடுற பிரீதர் பைப் வழியா வெளிய போவுது. மைனஸ் 20ல அந்த பைப்போட நுனில காத்து பட்டதும் ஆவி தண்ணியாகி, அங்கயே உறைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா பைப்ப அடைச்சிரும். வெளிய போக வழி இல்லாத பிரஷர் ரிட்டர்ன் பைப் வழியா டர்போக்கே ஏறும், ஆயில கீழ இறங்க விடாது. நாள் பூரா ஓடி இஞ்சின் பே சூடானதும் ஐஸ் கரைஞ்சிரும், ஒர்க்‌ஷாப் போகும்போது ஒரு தடயமும் இருக்காது. டர்போ தான் பழி சுமக்கும்.

நாளைக்கு காலைல புகை வர்ற நேரத்துலயே பாருங்க. டிப் ஸ்டிக் அதோட இடத்த விட்டு கொஞ்சம் மேல ஏறி நிக்குதா, அதச் சுத்தி ஈரமா இருக்கா, பிரீதர் பைப் நுனில வெள்ளையா ஏதாவது தெரியுதான்னு பாத்து எழுதுங்க. அதுவரைக்கும் டர்போ வாங்காதீங்க.

லோடுராஜா:

இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு பாஸ். ஆயில் தண்ணியா இருக்கு அதான் கசியுது. 20டபிள்யூ-50 ஊத்துங்க, கெட்டியா இருக்கும், சீல்ல நிக்கும். என் பழைய வண்டில கசிவு பாதி கொறஞ்சுது.

சம்ப்சாமி:

ராஜா அண்ணே கோவிச்சுக்காதீங்க, சூடான ஊர்ல ஓடுற தேஞ்ச இஞ்சினுக்கு நீங்க சொல்றது ஒருவேளை ஓடும், இவருக்கு மைனஸ் 25ல 20டபிள்யூ-50 ஊத்தச் சொன்னா டர்போவுக்கு சாவுமணி அடிச்ச மாதிரி. ஆயில் டப்பால டபிள்யூக்கு முன்னாடி இருக்குற நம்பர் குளிருக்கானது. ஆயில் கிரேட் வகுக்குற எஸ்ஏஇ அமைப்பு வச்சிருக்குற அளவுப்படி ஆயில் பம்ப் இழுத்து தள்ளுற அளவுக்கு ஓட்டம் இருக்கான்னு டெஸ்ட் பண்ற டெம்பரேச்சர் 20டபிள்யூக்கு மைனஸ் 20, 15டபிள்யூக்கு மைனஸ் 25, 10டபிள்யூக்கு மைனஸ் 30, 5டபிள்யூக்கு மைனஸ் 35, 0டபிள்யூக்கு மைனஸ் 40. அதுவும் புது ஆயிலுக்கு. கரி சேர்ந்த பழைய ஆயில் இன்னும் முன்னாடியே கெட்டியாயிரும். அதாவது லாங்ரூட் இப்ப ஊத்துற 15டபிள்யூ-40யே அவரோட குளிருக்கு விளிம்புல நிக்குது, நீங்க அதுக்கும் ஒரு படி கீழ தள்ளுறீங்க.

ஸ்டார்ட் ஆனதும் கேஜ்ல ஆயில் பிரஷர் எகிறி நிக்கும், அதப் பாத்துட்டு ஆஹா ஆயில் சூப்பரா போகுதுன்னு நிறைய பேர் ஆக்ஸிலேட்டர மிதிப்பாங்க. பிரஷர் எகிறுறதே ஆயில் நகர மாட்டேங்குதுன்னு தான். கேஜ் காட்டுறது இஞ்சின் உள்ள ஆயில் ஓடுற பெரிய வழியான மெயின் கேலரில, டர்போ இருக்குறது ஒரு மெல்லிசான பைப்போட கடைசில. அங்க ஆயில் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி ரேஸ் பண்ணா பேரிங் புஷ் வெறும் உலோகத்து மேல சுத்தும். அதுவும் போக, கெட்டி ஆயில் ஃபில்டர் பேப்பர் வழியா போக முடியாம பைபாஸ் வால்வ தொறந்துரும், அந்த நேரம் வடிகட்டாத ஆயில் தான் பேரிங்குக்கு போவுது.

அதனால 5டபிள்யூ-40 சிந்தெடிக் போடுங்க. சூட்டுல அதுவும் 40 தான், மெல்லிசாயிரும்னு பயப்பட ஒண்ணுமில்ல. டப்பால சிகே-4ன்னு இருக்கான்னு பாருங்க, 2016 டிசம்பர்ல வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) கிரேட் அது, பழைய இஞ்சினுக்கும் போடலாம். அதே நேரத்துல வந்த எஃப்ஏ-4 வேற, அது சூட்டுலயும் மெல்லிசா இருக்கணும்னே செஞ்சது, இஞ்சின் கம்பெனி மேனுவல்ல சொல்லியிருந்தா மட்டும் தான். ஆனா ஆயில் மாத்துறதால கசிவு நிக்கும்னு நான் சொல்லல, அது பாண்டி அண்ணன் சொன்ன ரூட்ல தான் போய்ப் பாக்கணும். ஆயில் மாத்துறது பேரிங்க காப்பாத்த.

லோடுராஜா:

சரி சரி, மைனஸ் 25ங்கறத கவனிக்காம எழுதிட்டேன், நம்ம பக்கம் அவ்ளோ குளிரு இல்ல. 20டபிள்யூ வாபஸ். ஆனா புகை நீலம்னு அவரே சொல்றாரே, அது ஆயில் தானா? குளிர்ல வெள்ளப்புகையும் வருமே.

நைட்கியர்:

குளிர்ல ரொம்ப வருஷமா ஓட்டுறவன்ங்கற முறைல சொல்றேன். புகைக்கு கண்ணையும் மூக்கையும் நம்புங்க. வெள்ளையா வந்து கண்ணு எரிஞ்சு டீசல் நாத்தம் அடிச்சா எரியாத டீசல், சிலிண்டர் சூடாகல. நீலமா லேசா தொங்கிட்டே நின்னு எண்ணெய் கருகுற வாடை வந்தா ஆயில். வெள்ளையா வந்து உடனே கலைஞ்சு வாடையே இல்லாம போனா வெறும் நீராவி, விட்டுருங்க.

எனக்கு உறுத்துறது ராத்திரி பூரா ஐடிலிங் தான். டர்போ சுத்தியும் சுத்தாமலும் இருக்கும், பாண்டி அண்ணன் சொன்ன மாதிரி சீல தாங்கிப் பிடிக்க பிரஷர் இல்ல, சிலிண்டர் சூடு இறங்கிட்டே போகும், பிஸ்டன் ரிங் சரியா ஒட்டாது, எரியாத டீசல் கீழ ஆயில்ல கலக்கும், மேல எக்ஸாஸ்ட் மெனிஃபோல்ட்ல கருப்பு ஜொள்ளு கட்டும். காலைல மெனிஃபோல்ட் ஜாயின்ட்ல வழியிற அந்த கருப்பு ஈரத்தப் பாத்துட்டு டர்போ போச்சுன்னு சொல்ற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன், நல்லா லோடு ஏத்தி ஒரு நீளமான ஏத்தம் ஏறுனா அதுல பாதி எரிஞ்சு போயிரும். விஜிடி டைப் டர்போவா இருந்தா, புகை போற வழிய கூட்டிக் கொறைக்க உள்ள இருக்குற வேன்ங்கற சின்ன தகடுங்க கரில ஒட்டிக்கும், அது தனி செலவு. டிபிஎஃப், அதாவது புகைல உள்ள கரிய பிடிக்கிற ஃபில்டர், உள்ள வண்டின்னா ஆயில் பூரா அங்க போய் அடைக்கும்.

கேபின் சூட்டுக்கு தனியா டீசல்ல எரியிற பார்க்கிங் ஹீட்டர் போடுங்க, கூலன்ட்டையும் சேத்து சூடாக்குற மாடல் இருந்தா அது இன்னும் நல்லது, காலைல செல்ஃப் அடிக்கும்போது பிளாக் வெதுவெதுன்னு இருக்கும். ஆனா ஒண்ணு, பிளாக் ஹீட்டர் சூடாக்குறது கூலன்ட்ட, சம்ப்ல கிடக்குற ஆயில் ஐஸ் மாதிரியே தான் இருக்கும். அதுக்கு சம்ப் அடில ஒட்டுற ஹீட்டர் பேட் தனியா வருது. அடில நெருப்பு மூட்டி சூடாக்குற வேலையெல்லாம் வேண்டாம், பைப்பும் ஒயரும் எரியிறது ஒரு பக்கம், சம்ப் தகட்டுல ஒட்டியிருக்குற ஆயில் கருகி கரியாயிரும். எரிஞ்சே போன வண்டியும் உண்டு.

ஓட விட்டே ஆகணும்னா வெறும் ஐடிலிங்ல விடாம ஃபாஸ்ட் ஐடில்ல 1000, 1200 ஆர்பிஎம்ல வைங்க. காலைல ஸ்டார்ட் பண்ணதும் மூணு நாலு நிமிஷம் அப்படியே விட்டுட்டு, பிறகு மெதுவா கிளம்பி டெம்பரேச்சர் முள் எழும்புற வரைக்கும் ஃபுல் பூஸ்ட் கேக்காம ஓட்டுங்க. நின்னு சூடாகுறத விட மெதுவா ஓடி சூடாகுறது தான் நல்லது. சாயங்காலம் ஏத்தம் ஏறி வந்து உடனே சாவிய திருப்பாதீங்க, மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் ஐடிலிங், டர்பைன் சூடு இறங்கட்டும். இல்லன்னா பேரிங் இடுக்குல நிக்குற ஆயில் வெந்து கரியாகும், அந்தக் கரி தான் பாண்டி அண்ணன் சொன்ன ரிட்டர்ன் பைப்புல போய் படியிது.

ஒண்ணு விட்டுட்டேன். ஏர் ஃபில்டர். பனி பொழியிற ரோட்டுல முன்னாடி போற வண்டி கிளப்புற பொடிப்பனி நேரா இன்டேக்ல போகும், ஃபில்டர் பேப்பர் நனைஞ்சு உறைஞ்சு பலகை ஆயிரும். அப்ப கம்ப்ரசர் வீல் காத்துக்கு பதிலா ஆயில உறியும். ரெஸ்ட்ரிக்‌ஷன் இண்டிகேட்டர் செவப்பு காட்டுதான்னு பாருங்க. ரேடியேட்டர் முன்னாடி மூடி போடுறவங்க முழுசா மூடாதீங்க, இன்டர்கூலருக்கும் காத்து வேணும்.

லாங்ரூட்:

எல்லாருக்கும் நன்றி, பாத்துட்டேன். பாண்டி அண்ணே சொன்ன மாதிரி புகை வர்ற நேரத்துலயே பானெட்ட தொறந்தேன். டிப் ஸ்டிக் கட்டைவிரல் மொத்தம் மேல ஏறி நிக்குது, குழாய் வாய்ல ஆயில். பிரீதர் பைப் கீழ சேஸிஸ் ஓரமா தொங்குது, நுனி பூரா மஞ்சளும் வெள்ளையுமா கட்டியா உறைஞ்சிருக்கு, ஸ்க்ரூட்ரைவர்ல குத்துனா கல்லு மாதிரி சத்தம். ஆயில் ஃபில்லர் மூடிய லேசா திருப்புனதும் புஸ்ஸுனு காத்து, கூடவே மூடியோட உள்பக்கம் வெளிர் மஞ்சள்ல நுரை பேஸ்ட். சுடுதண்ணி ஊத்தி அந்த நுனிய கரைச்சேன், கொஞ்ச நேரத்துல டிப் ஸ்டிக் உக்காந்துருச்சு, புகையும் நல்லா கொறஞ்சிருக்கு, முழுசா நிக்கல. ஏர் ஃபில்டர் சுத்தம், இண்டிகேட்டர் பச்சைல இருக்கு. அந்த நுரை ஹெட் கேஸ்கட் போனதோட அடையாளமா? ஷாஃப்ட் ஆட்டம் எப்படி பாக்கணும், கையால ஆட்டிப் பாத்தேன் லேசா ஆடுது, பயமா இருக்கு.

பிரீதர்பாண்டி:

அதான். இனி பயப்படாம ஒவ்வொண்ணா பாக்கலாம்.

நுரை மூடிலயும் பிரீதர்லயும் மட்டும் இருந்து, டிப் ஸ்டிக்ல ஒட்டி வர்ற ஆயில் கருப்பா சுத்தமா இருந்து, கூலன்ட் அளவும் இறங்கலன்னா அது குளிர்ல சேர்ற ஈரம், ஹெட் கேஸ்கட் இல்ல. டிப் ஸ்டிக்லயே பால் கலந்த மாதிரி வந்தா, இல்ல கூலன்ட் இறங்கிட்டே போனா அப்ப வேற விஷயம். ஆயில் லெவல் தானா ஏறினாலும் விடாதீங்க, டீசல் கலக்குதுன்னு அர்த்தம்.

ஷாஃப்ட் ஆட்டம் பத்தி. இஞ்சின் ஆஃப், டர்போ ஆறியிருக்கணும். இன்டேக் ஹோஸ கழட்டி வீலோட நட்ட விரல்ல பிடிங்க. மேல கீழ ஆட்டுனா லேசா ஆடத்தான் செய்யும், புஷ் ஆயில்ல மிதக்குற டைப், ஆயில் பிரஷர் இல்லாதப்ப அந்த இடைவெளி கைக்கு தெரியும். ஒரு பக்கமா அழுத்தி சுத்திப் பாருங்க, பிளேடு ஹவுசிங்ல உரசக் கூடாது, ஹவுசிங் உள்சுவர்ல பளபளன்னு உரசுன கோடு இருக்கக் கூடாது. அப்புறம் முன்னாடி பின்னாடி இழுத்து தள்ளுங்க, அந்தத் திசைல கைக்கு எதுவும் தெரியக் கூடாது. அங்க டக் டக்குன்னு அடிச்சா த்ரஸ்ட் பேரிங் போச்சு, டர்போ இறக்கித்தான் ஆகணும். சரியான அளவு டயல் கேஜ் வச்சு பாத்து மேனுவலோட ஒப்பிடணும், ஆனா மேல கீழ லேசா ஆடுதுன்னு மட்டும் சொல்லி டர்போ விக்கிறவன்கிட்ட ஏமாறாதீங்க.

மீதி புகைக்கு காரணம் பெரும்பாலும் உள்ள ஏற்கனவே சேர்ந்து கிடக்குற ஆயில். இன்டர்கூலர் அடி ஹோஸ கழட்டி வடிச்சுருங்க. இத தள்ளிப் போடாதீங்க, இன்டர்கூலர்ல லிட்டர் கணக்குல ஆயில் தேங்கி இருக்கும்போது ஒரு ஏத்தத்துல ஃபுல் ஆக்ஸிலேட்டர் குடுத்தா அது மொத்தமா சிலிண்டருக்கு போகும், இஞ்சின் அந்த ஆயில்லயே ஓடும், சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது. அப்படி ஆகிட்டா மேனுவல் கியர் வண்டில டாப் கியர் போட்டு பிரேக்க அமுக்கிட்டு கிளட்ச விட்டு திணறடிச்சு நிறுத்தணும். இன்டேக்க கையால மூடப் போகாதீங்க, இழுக்குற வேகத்துக்கு கை போயிரும்.

வடிச்ச பிறகு ஹோஸ் உள்பக்கம் மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருந்தா கவலைப்படாதீங்க. பிரீதர இன்டேக்ல சேர்த்திருக்குற வண்டில அது எப்பவும் இருக்கும். உங்க வண்டில பிரீதர் வெளிய தொங்குதுன்னு சொல்றதால இனி அங்க ஆயில் வந்தா டர்போல இருந்து தான், அதுவே உங்களுக்கு ஒரு மீட்டர்.

சம்ப்சாமி:

இதோட இன்னொண்ணு. எப்படியும் டர்போ போடுற நிலைமை வந்தா, ரிட்டர்ன் பைப் ஃப்ளாஞ்ச்ல பேக்கிங்குக்கு பதிலா சிலிகான் பேஸ்ட் பூச விடாதீங்க. இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்குறது பிஞ்சு ஓட்டைய அடைக்கும், புது டர்போவும் கக்கும், அப்ப டர்போ டூப்ளிகேட்னு சண்டை போடுவாங்க. ஆயில் வர்ற பைப்ப முடிஞ்சா புதுசே போடணும், பழசுல உள்ள கரி உதிர்ந்து வரும். மாட்டுறதுக்கு முன்னாடி ஆயில் ஓட்டைல சுத்தமான ஆயில் ஊத்தி ஷாஃப்ட்ட கையால சுத்தணும், மாட்டுன பிறகு டீசல கட் பண்ணி பிரஷர் வர்ற வரைக்கும் செல்ஃப் மட்டும் அடிக்கணும். இத செய்யாம மைனஸ்ல ஒரே அடியா ஸ்டார்ட் பண்ணா புது டர்போ முதல் நிமிஷத்துலயே பாதி வயசு போயிரும்.

லாங்ரூட்:

முன்னாடி பின்னாடி ஆட்டம் இல்ல, உரசலும் இல்ல. இன்டர்கூலர்ல வடிச்சதுல கால் பக்கெட் கிட்ட வந்துச்சு, பாத்ததும் வயிறு கலங்கிருச்சு. 5டபிள்யூ-40 மாத்த ஏற்பாடு பண்றேன், டர்போ ஆர்டர நிறுத்திட்டேன். பிரீதர் மறுபடி உறையாம இருக்க என்ன பண்ணலாம்? பைப்ப வெட்டி சின்னதாக்கலாமா, இல்ல கழட்டி இன்டேக் ஹோஸ்ல சேர்த்துரலாமான்னு ஒருத்தர் சொல்றாரு.

பிரீதர்பாண்டி:

இன்டேக்ல நீங்களா சேர்க்காதீங்க. நடுவுல ஆயில பிரிக்கிற செப்பரேட்டரும் பிரஷர் வால்வும் இல்லாம சேர்த்தா கிராங்க்கேஸ் ஆயில் ஆவி நேரா கம்ப்ரசர் வீல்ல ஏறும், குளிர்ல அங்க உறைஞ்சு கட்டியாகி வீலயே அடிக்கும்.

சின்னதாக்கலாம், பைப் நுனி காத்து நேரா அடிக்கிற இடத்துல தொங்காம இஞ்சின் சூடு படுற இடத்துலயே முடியிற மாதிரி, ஆனா எக்ஸாஸ்ட்டுக்கு பக்கத்துல வேண்டாம், அதுல வடியிறது எண்ணெய். வழில பள்ளமா தொங்குற வளைவு எதுவும் இருக்கக் கூடாது, தண்ணி தேங்குற இடம் தான் முதல்ல உறையும். மேல இருந்து நுனி வரைக்கும் ஒரே சரிவு. பைப்ப சுத்தி ஃபோம் இன்சுலேஷன் போட்டு டேப் சுத்துங்க, நுனிய சாய்வா வெட்டுங்க, நுனிக்கு கொஞ்சம் மேல பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டை போட்டு வச்சா நுனி உறைஞ்சாலும் பிரஷர் அது வழியா போயிரும். சூடாக்குற எலிமென்ட்டோட வர்ற பிரீதர் ஹோஸும் கிடைக்குது, உங்க இஞ்சினுக்கு இருக்கான்னு பார்ட்ஸ் நம்பர் வச்சு கேளுங்க.

இதெல்லாம் பண்ணியும் ஐஸ் இல்லாத நாள்ல டிப் ஸ்டிக் மேல ஏறுனா அது குளிரோட குத்தம் இல்ல, பிஸ்டன் ரிங் தேஞ்சு புளோ பை, அதாவது சிலிண்டர்ல இருந்து கீழ கசியிற வாயு, அதிகமாயிருச்சு. 6 லட்சம் ஓடுன இஞ்சின்ல அது நடக்காததுன்னு சொல்ல முடியாது. இஞ்சின் நல்லா சூடான பிறகு லோடுல மேனோமீட்டர் போட்டு கிராங்க்கேஸ் பிரஷர ஒருதடவ அளந்து எழுதி வைங்க, லிமிட் எவ்ளோன்னு இஞ்சின் மேனுவல்ல இருக்கும்.